மூளை எம்ஆர்ஐயை அக்ரிலிக்கில் நிறுத்துவது: 16 ஷீட், ஓர் ஒளிப்பீடம்

16 அக்ரிலிக் ஷீட்கள், ஒவ்வொன்றிலும் மூளையின் ஒரு குறுக்குவெட்டு, அடியில் எல்இடி. விளக்கைப் போட்டதும் ஷீட்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய், செதுக்கிய கோடுகள் மட்டும் வெள்ளையாக நிற்கின்றன. உயிரோடு இருக்கும் ஒருவரின் மூளை, அசல் அளவில். எம்ஆர்ஐயை வைத்துச் செய்யக்கூடிய கலை வேலைகளில் இதுதான் நேர்மையானது என்பது என் எண்ணம். ஸ்கேன் என்பதே அடுக்கடுக்காக எடுத்த அளவீடு. அதை அடுக்காகவே திருப்பி வைக்கிறோம், அவ்வளவுதான்.

இதே வேலையை முன்பு 28 ஷீட்களில் செய்த வடிவம் எடுபடவில்லை. ஷீட் கூடினால் உருவம் தெளியும் என்றுதான் தோன்றும். நடப்பது நேர்மாறு. அந்தக் கணக்கு கீழே வருகிறது. இந்த வேலையில் இறங்குகிறவர்கள் ஷீட் வாங்குவதற்கு முன் அதை மட்டுமாவது பார்த்துவிடவும்.

முறை புதிதல்ல. 1940களில் பெனிசிலினின் மூலக்கூறு அமைப்பைக் கண்டறிந்த டோரதி ஹாட்ஜ்கின், அதன் எலக்ட்ரான் அடர்த்தியைச் சமஉயரக் கோடுகளாக பெர்ஸ்பெக்ஸ் (அக்ரிலிக்கின் ஒரு வணிகப் பெயர்) ஷீட்களில் வரைந்து அடுக்கிப் பார்த்தார். அந்த மாதிரியிலிருந்து தூண்டுதல் பெற்ற கலைஞர் ஏஞ்சலா பால்மர், எம்ஆர்ஐ, சிடி வெட்டுகளைக் கண்ணாடியில் வரைந்தும் செதுக்கியும் வருகிறார். ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ள எகிப்தியக் குழந்தை மம்மி ஒன்றை, சுற்றியிருக்கும் துணியை அவிழ்க்காமலே, இப்படிக் கண்ணாடி அடுக்குகளில் கொண்டுவந்தார். நம் வேலையில் கைச் செதுக்கலுக்குப் பதில் லேசர். பெயர்ப் பலகை, ஷீல்டு செய்து கொடுக்கும் எந்தக் கடையிலும் அந்த மெஷின் இருக்கிறது.

எந்த ஸ்கேன்

ஏற்கெனவே எடுத்த ஸ்கேன் மட்டும். கலைக்காக யாரும் சிடி எடுத்துக்கொள்ளக் கூடாது. தலைக்கு எடுக்கும் ஒரு சிடியில் உடம்பு வாங்கும் கதிர்வீச்சு சுமார் 2 மில்லிசீவர்ட். எம்ஆர்ஐயில் அந்தக் கதிர்வீச்சு இல்லை. ஆனாலும் வேறொருவருடைய ஸ்கேன் என்றால் அவருடைய சம்மதம் வேண்டும், எங்கே வைக்கப்போகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கேட்ட சம்மதம்.

ஸ்கேன் சென்டர் கொடுக்கும் பெரிய ஃபிலிம் இதற்கு உதவாது. டிஸ்க்கிலோ லிங்க்கிலோ வரும் டைகாம் ஃபைல்கள் (மருத்துவப் படங்களைச் சேமிக்கும் ஃபைல் வகை) வேண்டும். அதிலும் எல்லா சீரிஸும் (ஒரே அமைப்பில் எடுத்த படத் தொகுப்பு) ஆகாது. வழக்கமான மூளை ஸ்கேனில் பெரும்பாலான சீரிஸ் 5 மிமீ கனத்தில், நடுவில் 1 மிமீ போல இடைவெளி விட்டு எடுக்கப்பட்டிருக்கும். எடுத்த திசையில் பார்த்தால் படம் அழகாக இருக்கும், வேறு திசையில் திருப்பினால் படிக்கட்டு மாதிரி உடைந்துவிடும். நமக்கு வேண்டியது 1 மிமீ கனத்தில் எடுத்த முப்பரிமாண டி1 சீரிஸ், அதாவது மூளையின் வெண்பொருள் வெளிச்சமாகத் தெரியும் வகை. சீமென்ஸ் மெஷினில் அதன் பெயர் எம்பிரேஜ், ஜிஇயில் ப்ராவோ, பிலிப்ஸில் 3டி டிஎஃப்இ. எல்லாருக்கும் இதை எடுப்பதில்லை. வலிப்பு, அறுவை சிகிச்சைத் திட்டம் போன்றவற்றுக்கு எடுக்கும்போது இருக்கும். 100க்கு மேல் படங்கள் உள்ள சீரிஸ் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தால் போதும், பெரும்பாலும் அதுதான்.

கையில் ஸ்கேனே இல்லையென்றால் 3டி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருளின் மாதிரித் தரவுப் பகுதியில் 'எம்ஆர்ஹெட்' என்று ஒன்று கிடைக்கும். முழு வேலையையும் அதில் பழகிக்கொள்ளலாம்.

பெயர், வயது, மருத்துவமனை எண் எல்லாம் டைகாம் ஃபைலுக்குள்ளேயே எழுதியிருக்கும். கடைக்கு அனுப்புவது கோட்டுப் படம் என்பதால் அவை கூடப் போவதில்லை. ஆனால் பலரும் யோசிக்காத ஒன்று உண்டு: தலை எம்ஆர்ஐயில் தோலும் இருக்கிறது. தோலின் விளிம்பை அடுக்கினால் முகம் வந்துவிடும், தெரிந்தவர்கள் பார்த்தால் அடையாளம் சொல்லும் அளவுக்கு. அதனால் தோல், மூக்கு, கண்குழி எல்லாவற்றையும் நீக்கி, மூளையை மட்டும் எடுக்கிறோம். பார்வைக்கும் அதுதான் நல்லது. முகம் வந்தால் மற்றவர் கண் முகத்திலேயே நின்றுவிடும், உள்ளே போகாது.

எத்தனை ஷீட்

ஷீட்கள் செங்குத்தாக நிற்க வேண்டும். அப்போதுதான் அடிவிளிம்பிலிருந்து ஒளி ஏற முடியும். ஆகவே காதிலிருந்து காதுக்குப் போகும் திசையில் வெட்டிய கொரோனல் வெட்டுகள். நெற்றிப் பக்கம் முதல் ஷீட், பிடரிப் பக்கம் கடைசி.

இந்த ஸ்கேனில் மூளையின் நீளம் முன்னிருந்து பின்னுக்கு 171 மிமீ. 6 மிமீக்கு ஒரு வெட்டு என்று வைத்தால் 28 ஷீட், 27 இடைவெளி, 162 மிமீ. காகிதத்தில் கச்சிதம். ஆனால் அக்ரிலிக்கின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4% திருப்பி அனுப்பிவிடும். ஒரு ஷீட்டுக்கு இரண்டு பரப்பு, 8% போயிற்று. 28வது ஷீட்டின் கோடு நம் கண்ணுக்கு வர 27 ஷீட்களைக் கடக்க வேண்டும். 0.92ஐ 27 முறை பெருக்கினால் 0.105. பத்தில் ஒரு பங்குதான் வந்து சேருகிறது. பின்மூளை சாம்பல் கறையாகத் தெரிகிறது, முன்பக்கக் கோடுகள் கண்ணைக் கூசுகின்றன. எல்இடியைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே கூடும்.

16 ஷீட் என்றால் கடைசிக் கோட்டுக்கு 15 தடை. 0.92ஐ 15 முறை பெருக்க 0.286. கால் பங்குக்கு மேல். இது கண்ணுக்குப் போதும். தூரத்தில் இருப்பது கொஞ்சம் மங்கித் தெரிவது ஆழத்தையும் கூட்டித்தான் காட்டுகிறது. முன்னும் பின்னும் 3 மிமீ விட்டு மிச்சம் 165ஐ 15ஆல் வகுத்தால் 11 மிமீ. ஒரு ஷீட்டின் பின்முகத்திலிருந்து அடுத்ததன் பின்முகம் வரை 11 மிமீ. ஓரத்தில் 3 மிமீ விடுவது ஏனென்றால், மூளையின் நுனியிலேயே வெட்டினால் சின்னக் காசு அளவு வட்டம்தான் வரும். ஒரு ஷீட் வீண்.

இந்த 11ஐ அழகுக்காக 10 ஆக்குவது, 15 ஆக்குவது கூடாது. வெட்டெடுத்த இடைவெளியும் நிறுத்தும் இடைவெளியும் ஒன்றாக இருந்தால்தான் அது ஒரு மனிதரின் மூளை. மாற்றினால் நசுங்கிய அல்லது இழுபட்ட ஏதோ ஒன்று. சின்னதாகச் செய்ய ஆசையென்றால் மூன்று திசையையும் ஒரே விகிதத்தில் குறைக்கலாம்.

ஸ்லைசரில் செய்ய வேண்டியது

டைகாம் ஃபோல்டரை ஏற்றி, சரியான சீரிஸைத் தேர்ந்தெடுத்ததும் முதல் வேலை தலையை நேராக்குவது. ஸ்கேன் எடுக்கும்போது தலை சற்றுத் திரும்பியிருக்கும். இரண்டு, மூன்று டிகிரி சாய்வுகூட அடுக்கி முடித்தபின் பளிச்சென்று தெரியும். டிரான்ஸ்ஃபார்ம் பகுதியில் திருப்பி, மூளையின் இரு பாதிகளுக்கும் நடுவிலுள்ள பிளவு சரியாகச் செங்குத்தாக வரும்வரை சரிசெய்ய வேண்டும்.

அடுத்து என்4 திருத்தம். எம்ஆர்ஐ படத்தில், சிக்னலைப் பிடிக்கும் காயிலுக்கு அருகே இருக்கும் பகுதி கூடுதல் வெளிச்சமாக இருக்கும். இதைச் சமன் செய்யாமல் த்ரெஷோல்டு (எந்த வெளிச்சத்துக்கு மேல் எடுப்பது என்ற வரம்பு) வைத்தால் ஒரு பக்கம் மடிப்புகள் அடைத்துக்கொள்ளும், மறுபக்கம் ஓட்டை விழும். சிடியில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே எண்களுக்கு நிலையான பொருள் உண்டு: ஹவுன்ஸ்ஃபீல்டு அளவில் தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000, எலும்புக்கு 300க்கு மேல் வைத்தால் மண்டையோடு அப்படியே வந்துவிடும். எம்ஆர்ஐயின் எண்ணுக்கு அப்படி ஓர் அலகு கிடையாது. ஒரு ஸ்கேனில் சரியாக அமைந்த த்ரெஷோல்டு எண்ணை இன்னொன்றில் போட்டால் ஒன்றும் வராது. அதனால் இங்கே எண் தரவில்லை. நடு வெட்டு ஒன்றைப் பார்த்து, வெண்பொருளின் விளிம்பு சரியாகப் பிடிபடும் இடத்தில் கையால் நிறுத்துங்கள்.

மண்டையோட்டை நீக்க ஸ்லைசரிலேயே எக்ஸ்டென்ஷன்கள் உண்டு. ஸ்விஸ் ஸ்கல் ஸ்ட்ரிப்பர் அவற்றில் ஒன்று. கண்ணுக்குப் பின்புறமும் சிறுமூளைக்கு அடியிலும் கொஞ்சம் தசை ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கையால் அழிக்க வேண்டும், வேறு வழியில்லை.

மூன்று பகுதிகளைத் தனித்தனி செக்மென்டாகப் பிரிக்கவும்: மூளையின் வெளிவிளிம்பு, உள்ளே வெண்பொருளின் விளிம்பு, நடுவிலுள்ள திரவ அறைகள் எனப்படும் வென்ட்ரிக்கிள்கள். ஸ்மூத்திங்கில் மீடியன், 3 மிமீக்கு மேல் போகாதீர்கள். 5 வைத்தால் மடிப்புகளின் பள்ளம் மூடிக்கொள்ளும், மூளை உருளைக்கிழங்கு ஆகிவிடும். 20 சதுர மிமீக்குக் குறைந்த தீவுகளை அழித்துவிடலாம். அவை ஒளியில் அழுக்குப் புள்ளி மாதிரிதான் தெரியும்.

படமெடுக்க ஸ்க்ரீன் கேப்சர் பகுதியில் ஸ்லைஸ் ஸ்வீப். தொடக்க இடம், முடியும் இடம், படங்கள் 16 என்று கொடுத்தால் 11 மிமீ இடைவெளியில் தானே எடுத்துத் தரும். பின்னணி ஸ்கேனை மறைத்து, செக்மென்டின் நிரப்பலை 100% ஆக்கி, மூலையில் வரும் எழுத்துகளை அணைத்துவிட வேண்டும். ரூலரை மட்டும் வைத்திருங்கள். ஜூமை இடையில் தொடவே கூடாது. மூன்று செக்மென்டுக்கும் மூன்று முறை, மொத்தம் 48 படங்கள்.

கோடாக்குவது

இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் டிரேஸ் பிட்மேப். நிரப்பிய கறுப்பு வெள்ளை உருவத்தை டிரேஸ் செய்தால் ஒரே கோடு வரும். 'எட்ஜ் டிடெக்ஷன்' வழியைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு விளிம்புக்கும் உள்ளொன்று வெளியொன்று என இரட்டைக் கோடு. லேசர் இரண்டையும் செதுக்கும், நேரமும் காசும் இரட்டிப்பு, கோடும் தடித்துப் போகும்.

அளவுதான் பலருக்கு இங்கே கோட்டை விடும் இடம். இங்க்ஸ்கேப் ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று கணக்கு வைக்கிறது, அதாவது ஒரு பிக்சல் 0.2646 மிமீ. ஸ்லைசரின் படத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது. ரூலரை அளந்து, 48 படங்களையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து ஒரே பெருக்கலில் அளவை மாற்றவும். தனித்தனியாக மாற்றினால் கட்டாயம் ஏதோ ஒன்று பிசகும். அதேபோல ஒவ்வொரு படத்தின் இரு மூலைகளிலும் ஒரு சிலுவைக் குறி இருக்கட்டும். டிரேஸ் செய்தபின் 'பக்கத்தை வரைபடத்துக்கு ஒட்டிச் சுருக்கு' என்ற வசதியைத் தொட்டால் ஒவ்வொரு வெட்டும் தன் இஷ்டத்துக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். சிலுவை இருந்தால் திரும்பப் பொருத்திவிடலாம்.

டிரேஸ் முடிந்ததும் கன்ட்ரோல் எல், கோட்டை எளிமையாக்க. ஆயிரக்கணக்கில் புள்ளிகள் இருந்தால் லேசர் தலை நடுங்கிக்கொண்டே போகும், கோடு ரம்பப்பல் மாதிரி விழும். ஒரு ஷீட்டுக்குச் சில நூறு புள்ளிகள் போதும். கடைகளில் லேசரை இயக்க பெரும்பாலும் ஆர்டிவொர்க்ஸ் மென்பொருள் இருக்கும். இங்க்ஸ்கேப்பின் எஸ்விஜி ஃபைலை நம்பாமல் டிஎக்ஸ்எஃப் ஃபைலாக, மிமீ அலகில் கொடுங்கள். ஒரு துண்டுப் பேப்பரில் 100 மிமீ கோடு ஒன்றை வெட்டிக் காட்டச் சொல்லி ஸ்கேலால் அளந்த பிறகே ஷீட்டை வைக்க விடவும்.

இடது வலது குழப்பத்துக்கு ஒரு குறிப்பு. கொரோனல் படம் நோயாளியை எதிரே நின்று பார்ப்பது போலக் காட்டும்: அவருடைய வலது, நம் இடதுபுறம். நெற்றிப் பக்க ஷீட்டை நமக்கு முன்னால் நிறுத்தினால் இது தானாகவே சரியாக இருக்கும். பிடரியை முன்னால் வைத்துவிட்டால் வலதும் இடதும் மாறிய, உலகத்தில் இல்லாத ஒரு மூளை கிடைக்கும். செதுக்கலை ஷீட்டின் பின்முகத்தில் போடுவதால் டிஎக்ஸ்எஃப்பை மட்டும் ஒருமுறை கண்ணாடித் திருப்பம் செய்ய வேண்டும். எல்லா ஷீட்டிலும் ஒரே முகம். ஒன்றிரண்டு மாறினாலும் அந்த இடத்தில் 11 மிமீ, 8 அல்லது 14 ஆகிவிடும்.

ஷீட்டும் லேசரும்

3 மிமீ காஸ்ட் அக்ரிலிக் என்று கேட்டு வாங்க வேண்டும். எக்ஸ்ட்ரூடட் விலை குறைவு, கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். லேசர் பட்டால் காஸ்ட்டில் வெள்ளையாக, உறைபனி போல் பூக்கும். எக்ஸ்ட்ரூடடில் கோடு உருகி ஏறக்குறையத் தெளிவாகவே இருக்கும், ஒளி வெளியே வராது. கடைக்காரர் சொல்வதைவிட, ஓரத்தில் 20 மிமீ சதுரம் செதுக்கிப் பார்த்துவிடுவது நம்பகம்.

இன்னொன்று: அதே கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் ஃபோம் போர்டுகளில் பல பிவிசி. பீடத்துக்கு மலிவாக இருக்கிறதே என்று அதை லேசரில் வைக்கவே கூடாது. வரும் புகை நுரையீரலையும் கெடுக்கும், மெஷினையும் அரிக்கும்.

ஷீட் அளவு 180க்கு 200 மிமீ. அடியில் 150 மிமீ அகலத்துக்கு ஒரு நாக்கு, பீடத்தின் பள்ளத்தில் இறங்க. நாக்கில் 4 மிமீ உயரத்தில் ஷீட் எண்ணையும் செதுக்கிவிட்டால் பள்ளத்துக்குள் மறைந்துகொள்ளும், பிரித்துத் துடைக்கும்போது வரிசை கலையாது.

60 வாட் சிஓ2 மெஷினில் கோடு போட விநாடிக்கு 120 மிமீ வேகம், பவர் 14%. இதற்குக் கீழே 10% பக்கம் போனால் குழாய் விட்டுவிட்டு எரியும், கோடு துண்டு துண்டாக விழும். லென்ஸைச் சரியான குவியத்திலிருந்து 2 மிமீ உயர்த்தினால் கோடு தடிக்கும். இந்த அளவு சிற்பத்துக்கு மெல்லிய கோடு தூரத்தில் தெரியாது. வெட்டுவதற்கு விநாடிக்கு 15 மிமீ, 60%. மெஷினுக்கு மெஷின் இவை மாறும். குழாய் பழையதென்றால் பவரைக் கூட்ட வேண்டியிருக்கும்.

கோடா, நிரப்பலா என்பதில் காசு இருக்கிறது. ஸ்கேனின் சாம்பல் நிறங்கள் எல்லாம் வேண்டுமென்று ராஸ்டராக, அதாவது பரப்பு முழுவதையும் வரிவரியாக நிரப்பிச் செதுக்கினால் ஒரு ஷீட்டுக்கு 25 நிமிடம் ஆகும். கோடு மட்டும் என்றால் வெட்டுவதோடு சேர்த்து 6 நிமிடம். நிமிடத்துக்கு 15 ரூபாய் கணக்கில் 16 ஷீட்டுக்கு 6,000 எங்கே, 1,440 எங்கே. காசு ஒருபுறம் இருக்க, ராஸ்டர் பார்வைக்கும் ஆகாது. நிரப்பிய பரப்பு பின்னால் இருப்பதை மறைத்துவிடும். 16 புகைத்திரையை வரிசையாகத் தொங்கவிட்ட மாதிரி.

ஆனால் ஒரே ஓர் இடத்தில் நிரப்பல் வேண்டும். வென்ட்ரிக்கிள்கள். பரப்பு சிறியது, ஷீட்டுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. வெளிவிளிம்பு முழுக்கோடு, வெண்பொருளின் விளிம்பு 1 மிமீ இடைவெளியில் புள்ளிக்கோடு, வென்ட்ரிக்கிள் மட்டும் உறைபனி நிரப்பல் என்று மூன்றாகப் பிரித்ததில்தான் இந்தச் சிற்பம் உயிர் பெற்றது. மடிப்புகளின் கோட்டுக் கூட்டத்துக்குள்ளே, நடு ஷீட்களில், இரண்டு வளைந்த சிறகுகள் தனியாக ஒளிர்கின்றன. முன்னே கொஞ்சம் விரிந்து, நடுவில் நெருங்கி, பின்னே மறுபடி பிரிந்து கீழே இறங்குகின்றன. தட்டையான படத்தில் இந்த வளைவைப் பார்த்திருக்க முடியாது. ஒவ்வொரு ஷீட்டிலும் அது வெறும் பொட்டு. வரிசையாகப் பார்க்கும்போது மட்டும் உருவம்.

வெட்டிய ஓரத்தில் ஸ்பிரிட், தின்னர், அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் படக்கூடாது. லேசர் சூட்டில் ஓரம் இறுகி நிற்கிறது. இவை பட்டால் மயிரிழை விரிசல்கள் நிமிடங்களில் ஓடும், ஒவ்வொரு விரிசலும் ஒளியில் எரியும். பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு கலந்த தண்ணீர், மைக்ரோஃபைபர் துணி, அவ்வளவுதான். ஓவன் இருந்தால் 80 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, கதவைத் திறக்காமல் மெல்ல ஆறவிட்டால் அந்த இறுக்கம் தளரும். பாதுகாப்புத் தாளை உரித்ததும் ஷீட் நிலைமின்சாரத்தால் தூசியை இழுக்கும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு உடனே பள்ளத்தில் இறக்குவது நல்லது. கையுறை அவசியம், கைரேகையும் கோட்டைப் போலவே ஒளிரும்.

பீடம்

11 மிமீ இடைவெளியில் 16 பள்ளம். 8 மிமீ அகல எல்இடி ஸ்ட்ரிப் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அடியில் ஒன்று, நடுவில் 3 மிமீ மிச்சம். ஸ்ட்ரிப் 12 வோல்ட், மீட்டருக்கு 120 எல்இடி, 9.6 வாட். 25 மிமீக்கு ஒருமுறை வெட்டலாம் என்பதால் 150 மிமீ நாக்குக்கு ஆறு துண்டு நீளம், 18 எல்இடி. 16 ஸ்ட்ரிப்புக்கு 2.4 மீட்டர், 23 வாட், ஏறக்குறைய 1.9 ஆம்பியர். 2 ஆம்பியர் அடாப்டர் கணக்குக்குச் சரி, ஆனால் சூடேறிக்கொண்டே இருக்கும். 3 ஆம்பியர் வாங்கிவிடுங்கள். ஸ்ட்ரிப்புகளை 2 மிமீ அலுமினியத் தகட்டில் ஒட்டினால் சூடு பரவும். இருபுறமும் தடித்த பிளஸ், மைனஸ் கம்பி ஓட்டி ஒவ்வொரு ஸ்ட்ரிப்பையும் இணையாகச் சால்டர் செய்வது எளிது. சால்டரிங் அயனை மூன்று விநாடிக்கு மேல் வைத்தால் ஸ்ட்ரிப்பின் செம்புப் பொட்டு பெயர்ந்து வந்துவிடும்.

ஷீட்டின் அடிவிளிம்புக்கும் எல்இடிக்கும் இடையே 1.5 மிமீ. லேசரில் வெட்டிய விளிம்பு பளபளப்பாக இருப்பதால் ஒளி நேரே உள்ளே நுழையும். ரம்பத்தில் அறுத்த விளிம்பு என்றால் அங்கேயே சிதறிவிடும்.

பள்ளத்தின் அகலத்துக்கு வெர்னியர் காலிப்பர் கட்டாயம். 3 மிமீ என்று விற்கும் ஷீட் இங்கே 2.8 இருந்தது. லேசர் கோடே 0.2 மிமீ தின்னும். 2.7 என்று வரைந்தால் வெட்டியபின் 2.9, ஷீட்டுக்கு 0.1 மிமீ இளக்கம். சின்ன எண்தான். ஆனால் பீடத்தின் மேல்பலகை 5 மிமீ மட்டும் என்றால், 200 மிமீ உயரத்தில் அந்த 0.1, 4 மிமீ ஆட்டமாகிவிடும். பக்கத்து ஷீட்டை நோக்கிச் சாய்ந்து மூளை கோணிக்கொள்ளும். 5 மிமீ கறுப்பு அக்ரிலிக் இரண்டை ஒட்டி 10 மிமீ ஆழமாக்கினால் ஆட்டம் பாதி. மிச்சத்துக்கு மேல் மூலைகள் இரண்டிலும் 16 வெட்டுள்ள சீப்பு மாதிரி ஒரு தெளிவான அக்ரிலிக் பட்டையைச் செருகினால் அடுக்கு அசையாது.

விளக்கைப் போட்டதும் முதலில் கண்ணில் படுவது மூளையாக இருக்காது. 16 செவ்வகச் சட்டங்கள். ஷீட்டின் ஓரங்கள் எல்லாம் ஒளியைக் கக்கும். பக்க ஓரங்களைக் கறுப்பு அக்ரிலிக் பெயின்ட் மார்க்கரால் பூசினால் அவை அடங்கும். மேல் ஓரத்துக்குக் கறுப்பு மட்டும் பூசாதீர்கள். முதலில் அலுமினிய டேப், அதன்மேல் கறுப்பு டேப். மேலே போன ஒளி திரும்பி இறங்கும். இது அவசியம், ஏனென்றால் கீழேயுள்ள கோடுகள் ஒளியை முதலில் எடுத்துக்கொள்கின்றன. உச்சி மடிப்புகளுக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். அலுமினிய டேப் இருந்தும் உச்சி மங்கலாகத் தெரிந்தால், ஷீட்டின் மேல் மூன்றில் ஒரு பகுதிக் கோடுகளைத் தனி லேயராக்கி 14க்குப் பதில் 18% பவர் கொடுக்கலாம். ஆழமான கோடு கூடுதல் ஒளியைப் பிடிக்கும்.

எல்இடியில் 6500 கெல்வின் வெள்ளை. வார்ம் வொயிட் போட்டால் ஷீட்டே பழைய மஞ்சள் போலத் தோன்றுகிறது. நிறம் மாறும் ஸ்ட்ரிப் வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஸ்கேனில் நிறம் என்று ஒன்று கிடையாது, அளவு மட்டும்தான் இருக்கிறது. நீலமும் சிவப்பும் மாறி மாறி எரிந்தால் கண் நிறத்தைத்தான் பார்க்கும்.

பின்னால் கறுப்புத் துணி. நேர் எதிரே நின்றால் கோடுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி மேகம் போலத் தெரியும். 30, 40 டிகிரி பக்கவாட்டில் நகர்ந்தால் வெட்டுகள் பிரிந்து, சிறுமூளையின் வரிகள் பின்னால் தனியாக எழும்பும். முழுக்கப் பக்கத்துக்குப் போனால் ஒன்றுமே இல்லை, 16 மெல்லிய கோடுகள் மட்டும். ஆகவே மூலையில் வைக்கக் கூடாது. மூன்று பக்கமாவது சுற்றி நடக்க இடம் வேண்டும்.

செலவு

அக்ரிலிக் 8 சதுர அடி, அடி 120 ரூபாய் வீதம் 960 (இரண்டு ஷீட் உபரி சேர்த்து). லேசர் 1,440. எல்இடி ரோல் 350, அடாப்டர் 350. கறுப்பு அக்ரிலிக்கும் அலுமினியத் தகடும் 600. கம்பி, சுவிட்ச், டேப், மார்க்கர் 150. மொத்தம் 3,850 ரூபாய். சென்னையில் என்றால் எல்இடி, அடாப்டர், சுவிட்ச் எல்லாம் ரிச்சி தெருவில் ஒரே நடையில் முடிந்துவிடும்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

ஸ்ட்ரிப்புகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, முன் எட்டுக்கு ஒரு டிம்மர், பின் எட்டுக்கு ஒன்று. முன்னதைப் பாதியாகக் குறைத்தால் பின்மூளை இன்னும் தெளியும்; இப்போது எல்லாம் ஒரே கம்பியில் போவதால் அதைச் செய்ய முடியவில்லை. ஷீட்டின் மேல் மூலைகளை 10 மிமீ ஆரத்தில் வளைத்து வெட்டினால், கூர்மூலையில் தேங்கும் ஒளிப்பொட்டு போய்விடும். வெளிவிளிம்புக் கோட்டை நடு ஷீட்களில் இன்னும் மெல்லியதாக்க வேண்டும். அங்கேதான் மூளை அகலம், கோடும் அதிகம், சிறகுகளை அவையே மறைக்கின்றன.

மூளைத்தண்டு 9வது ஷீட்டுக்குப் பிறகு திடீரென்று முளைப்பது போல் இருக்கிறது. அது கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால் 11 மிமீ இடைவெளியில் இரண்டே வெட்டுகளில் வந்து போய்விடுகிறது. அந்த இடத்தில் மட்டும் நடுவே ஒரு குறுகிய அரை ஷீட், 90 மிமீ உயரத்தில், 5.5 மிமீயில் செருகலாம். மேலே உள்ள கோடுகளை அது மறைக்காது. ஆனால் 8 மிமீ ஸ்ட்ரிப்புகளுக்கு நடுவே இன்னொரு ஸ்ட்ரிப்புக்கு இடமில்லை. 4 மிமீ அகல ஸ்ட்ரிப் அந்த மூன்று வரிசைக்கு மட்டும் வாங்க வேண்டும். மூன்றும் அருகருகே வருவதால் அங்கே அலுமினியத் தகட்டையும் 3 மிமீ ஆக்கிவிடுவது நல்லது.